அவள் உட்கார்ந்தால் சூடாகாத வண்டி

அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் வண்டி சூடாகாது. அவள் இல்லாமல் போனால் சூடாகிவிடும். இப்படி ஒரு கோளாறை எந்த மெக்கானிக்கிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அவன் வண்டியைப் பார்க்கமாட்டான், சொன்ன ஆளைத்தான் மேலும் கீழும் பார்ப்பான். அதனால் தராசுக்காரர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மேட்டு ரோட்டில் பாதி தூரம் ஏறியதும் சூடு காட்டும் முள் மளமளவென்று மேலே போகும். ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டு, ஆவி அடங்கும்வரை கல்லின்மேல் உட்கார்ந்திருப்பார். "உனக்குமா அவ இல்லாம முடியல?" என்று வண்டியைக் கேட்பார். வேறு என்னதான் செய்வார் மனுஷன்.

அவர் தொழில் தராசு ரிப்பேர். கடை கடையாகப் போய்த் தராசைச் சரி பார்ப்பது, தேய்ந்ததை மாற்றுவது, எடைக்கல்லைத் துடைத்து நிறுத்துப் பார்ப்பது. கல்லைக் கையில் தூக்கினாலே "இது தேஞ்சுபோச்சு" என்று சொல்லிவிடுவார், நிறுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஊர் ஊராகச் சுற்றும் பிழைப்பு. பழைய கார் ஒன்று வாங்கினார். டிக்கியில் கல்லுப்பெட்டி, முன்சீட்டில் சம்சாரம். மகள் கல்யாணமாகிப் போன பிறகு "வீட்டுல ஒத்தையில உக்காந்து சுவத்தையா பாக்கிறது?" என்று அவளும் ஏறிக்கொண்டாள். கடைக்காரர்களிடம் பேச்சுக் கொடுப்பது அவள் பாடு. அவர் வாயைத் திறந்தால் வாடிக்கை போய்விடும், அப்படி ஒரு பேச்சு அவருக்கு.

அவளிடம் ஒரே ஒரு தொந்தரவுதான். ஹீட்டர்.

வண்டி கிளம்பினதும் அவள் கை தானாக அந்தக் குமிழுக்குப் போகும். சிவப்புப் பக்கம் முழுசாகத் திருப்பி, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொள்வாள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே அடுப்பங்கரை. தராசுக்காரருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

"வெயில் காலத்துல ஹீட்டர் போட்டு வண்டி ஓட்டுறவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

"ஓட்டுங்க. பேரு வரும்."

"உன்னையும் என்னையும் சேத்து அவிச்சு எடுத்துடும்டி."

"நீங்க வெந்தா எனக்கென்ன? எனக்கு இப்பதான் இதமா இருக்கு."

கழுத்தில் ஒரு துண்டைப் போட்டு, துடைத்துக்கொண்டே ஓட்டுவார். இதைக் கடைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். யாருக்கும் அதில் வேறு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு ஒருநாள் ஒரு கடைப்படியில் ஏறும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். ரத்தம் ஊறும் இடத்திலேயே கோளாறு, அது ரொம்ப நாளாக உள்ளே தின்றுகொண்டிருந்திருக்கிறது என்றார்கள். டாக்டரம்மா கேட்டது இன்னும் அவர் காதில் இருக்கிறது. "எவ்வளவு நாளா சோர்வு? எவ்வளவு நாளா குளிர் தாங்கல?" அவர் யோசிக்காமல் சொன்னார்: "இப்பதாம்மா. ஒரு ரெண்டு மூணு மாசமா." கட்டிலில் கிடந்தவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். 

அவளை அங்கே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிய அன்றுதான் வண்டி முதல்முதலாகச் சூடானது. அதற்கப்புறம் பார்க்கப் போகும்போதெல்லாம் சூடு. நடுவில் ஒருதரம் கொஞ்சம் தேறினாள் என்று வீட்டுக்கு அழைத்து வந்தார். வரும்போது ஒரு பொட்டு ஆவி இல்லை. மறுபடி சேர்க்கக் கூட்டிப்போனபோதும் இல்லை. விட்டுவிட்டுத் திரும்பினார், மேட்டு ரோட்டில் வாயைத் திறந்துகொண்டு நின்றுவிட்டது. ரேடியேட்டர் மூடியை மாற்றினார். ஃபேனை மாற்றினார். ஊருக்குள் எத்தனை சுற்று சுற்றினாலும் ஒன்றும் ஆகாது. நல்ல பிள்ளையாக ஓடும். தூரம் போனால்தான் அதன் குணம் தெரியும்.

இந்த நிலைமையில், ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்த மகள் போன் செய்தாள்.

"அப்பா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொல்லிட்டாங்க."

"தேவலையாமா?"

பதிலுக்கு மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆம்புலன்ஸ் ஏற்பாடு பண்றேன்னாங்கப்பா. அம்மா கேக்க மாட்டேங்குது. இருங்க, அம்மாகிட்ட தர்றேன்."

அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "ஏங்க, என்னைப் படுக்க வெச்சுத் தூக்கிட்டுப் போகாதீங்க. நான் உக்காந்துதான் வருவேன். என் சீட்டுல."

"வேற நல்ல வண்டியா ஒண்ணு பிடிச்சுட்டு வரேனே."

"நம்ம வண்டிக்கு என்ன கேடு?"

வண்டி சூடாவதை அவர் அவளிடமும் சொல்லியிருக்கவில்லை. "ஒரு கேடும் இல்ல. நாளன்னைக்கு வந்துடறேன்" என்றார்.

போனை வைத்தார். நடுரோட்டில் வண்டி நின்றுபோய், அவளை வெயிலில் கல்லின்மேல் உட்கார வைத்துக்கொண்டு தான் தண்ணீருக்கு அலைகிற காட்சி கண்ணுக்குள் வந்தது. தன் சீட்டில் உட்கார்ந்து வருவது ஒன்றைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். அதையும் கெடுத்துவிடக் கூடாது. அவமானத்தைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, வண்டியை மச்சினன் பட்டறைக்கு விட்டார்.

மச்சினன், அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி. என்ஜின்மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பான். அதனால் ஊரில் அவனுக்குக் 'காது' என்றே பெயர். கை சுத்தம், வாய்தான் மோசம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க அவரைக் கேட்டுவிட்டான்: "ஊர்ல இருக்கிற எடைக்கல்லுல ஒரு பொடி கொறஞ்சாலும் கண்டுபிடிக்கிறீங்களே மாமா, பக்கத்துல உக்காந்திருந்த எங்கக்கா பாதியாப் போனது உங்க கண்ணுக்குத் தெரியலயா?" அன்றிலிருந்து பேச்சு இல்லை.

பட்டறை வாசலில் வண்டியைப் பார்த்ததும் அவன் கையைக் கழிவுத்துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. பானெட்டைப் பார்த்துத்தான் பேசினான்.

"என்னவாம்?"

"தூரம் போனா சூடாகுது."

"எத்தனை நாளா?"

"உங்கக்காவைச் சேத்ததுலேர்ந்து." சொல்லிவிட்டு, இதை மட்டும் மறைப்பானேன் என்று அதையும் சொன்னார். "அவ கூட வந்தா ஆகறதில்ல, மாப்ளே. தனியாப் போனாத்தான் ஆகுது."

'காது' நிமிர்ந்தான். ஏதோ எடக்காகச் சொல்லப்போனவன், அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டான்.

"நாளன்னைக்குக் கூட்டிட்டு வரணும். விட்டுட்டாங்க."

"விட்டுட்டாங்கன்னா?"

"விட்டுட்டாங்க."

அவன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு அதை வீசிவிட்டு, "சாவியக் குடுங்க" என்றான்.

அன்று முழுக்க வேலை. தண்ணீர் அளவைப் பார்த்தான், சரியாக இருந்தது. என்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மூடி திறந்த வாயில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். வரவில்லை. "ஹெட் கேஸ்கெட் போகல, என்ஜினைப் பிரிக்க வேண்டாம், அந்தமட்டும் தப்பிச்சோம்" என்றான். தண்ணீர் பம்ப்பின்மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டான், அதுவும் சரி. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி, பட்டறையில் டீ போடுகிற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதைப் போட்டு அடுப்பை மூட்டினான்.

"இது சூட்டுக்குத் திறக்கணும் மாமா. திறக்கலேன்னா தண்ணி ரேடியேட்டருக்கே போகாது."

இரண்டு பேரும் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் தளதளவென்று வந்தது. வால்வு மெதுவாக வாயைத் திறந்தது.

"சே, இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றான் 'காது'. நல்லதாக இருந்ததற்கு இத்தனை வருத்தப்பட்ட ஆளை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பாத்திரத்தைத் தேய்த்து அலம்பி, அதிலேயே டீ போட்டான். தராசுக்காரரும் வாங்கிக் குடித்தார். டீயில் இரும்பு வாசனை அடித்தது.

"ஹோட்டல் வண்டிங்க, ஸ்கூல் வண்டிங்கன்னு எத்தனையோ பாத்துட்டேன்" என்றான். "எல்லாம் நல்லா இருக்கு, ஆனா சூடாகுதுன்னா என்ன அர்த்தம்? நான் எதையோ பாக்கலேன்னு அர்த்தம்." சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு எங்கே போய் இடிக்கிறது என்று அவனுக்கே உறைத்தது. டீ கிளாஸை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை இரண்டு பேருமாக மேட்டு ரோட்டுக்கு விட்டார்கள். 'காது' ஓட்டினான். தராசுக்காரர் அவள் சீட்டில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. காலடியில் அவளுடைய கம்பளி கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஊர் தாண்டி, பாலம் தாண்டி, மேடு ஆரம்பிக்கும்வரை முள் நடுவில் நின்றது. பாதி மேட்டில் அசைந்தது.

"போகுது பாரு, போகுது பாரு" என்றார் தராசுக்காரர்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்." முள் சிவப்பைத் தொடப்போகிற நேரத்தில் 'காது' சட்டென்று கையை நீட்டி, ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுசாகத் திருப்பினான். புஸ்ஸென்று அனல் முகத்தில் அடித்தது.

"ஏன்டா அதைப் போடுறே?"

"அவசரத்துக்கு எல்லாரும் பண்றதுதான் மாமா. ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே? என்ஜின் சூட்டை எடுத்து உள்ள வந்து கொட்டும். நமக்கு வேகும், என்ஜின் பொழைச்சுக்கும். பாருங்க, எறங்குது பாருங்க."

முள் இறங்கியது. கண்ணெதிரே, யாரோ கையைப் பிடித்து இறக்கிவிடுகிற மாதிரி நடுவுக்கு வந்து நின்றது. மேட்டின் உச்சிவரை அங்கேயே நின்றது.

தராசுக்காரருக்கு நெற்றியில் வேர்வை வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. 'காது' திரும்பிப் பார்த்தான்.

"என்ன மாமா?"

"நிறுத்து."

ஓரமாக நிறுத்தினான். அவர் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ ஏறினா முதல்ல இதைத்தான்டா திருப்புவா. வெயில், மழை ஒண்ணும் கிடையாது. நான் தனியா இருந்தா முதல் வேலையா இதை அணைப்பேன்."

'காது'க்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தொழில் புத்தி முந்திக்கொண்டது. "அப்போ கோளாறு இப்ப வந்ததே இல்ல. ரேடியேட்டர் எப்பவோ அடைச்சிருக்கு. அக்கா ஹீட்டர் போட்டதால வெளிய தெரியல. எப்பலேர்ந்து போடுது?"

"இப்பதான், ஒரு ரெண்டு மூணு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அதே பதில். டாக்டரம்மாவிடம் சொன்ன அதே பதில். கம்பளியைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். "போன மழைக்குப் போட்டா. அதுக்கு முந்தின வெயிலுக்கும் போட்டா. இந்தத் துண்டை நான் கழுத்துல போட ஆரம்பிச்சது... உன் பட்டறை திறந்த அன்னைக்கு வந்தோமே, அப்பவே துண்டு இருந்துச்சு."

பட்டறை திறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

"அன்னைக்கு அக்கா இந்தக் கம்பளியைப் போத்திக்கிட்டுத்தான் எறங்குச்சு" என்றான் 'காது'.  "உச்சி வெயில். நான்தான் மாமா கேலி பண்ணேன். 'என்னக்கா, பனிமலையிலேர்ந்தா எறங்கி வர்றே?'ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சுச்சு."

அவன் ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. தராசுக்காரருக்கு அவனைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. கை எழவில்லை. அவர் தானும் அழுதார், வாய்விட்டு. ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. வேர்வையும் கண்ணீருமாக இரண்டு ஆண்கள் ரோட்டோரத்தில், வெயிலில், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். போகிற வண்டிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

அப்புறம் 'காது' மூக்கைச் சிந்திவிட்டு, என்ஜினை நிறுத்தி இறங்கினான். பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். "இங்க வாங்க. கையக் குடுங்க." அவர் கையைப் பிடித்து ஓரத்தில் வைத்தான். சுட்டது. நடுவுக்கு நகர்த்தினான். அங்கே ஜில்லென்று இருந்தது.

"இவ்ளோ சூட்டுக்கு நடுவுல இப்படி இருந்தா, அந்தக் குழாய்ங்க வழியா ஒண்ணும் ஓடலேன்னு அர்த்தம். அடைச்சுப்போச்சு. தொட்டுப் பாத்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்."

தராசுக்காரர் கையை எடுக்காமல் அந்தக் குளிர்ந்த இடத்திலேயே வைத்திருந்தார். அவள் கையைக் கடைசியாக எப்போது பிடித்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவள் எத்தனையோ தரம் கியர் மாற்றும் கையைத் தொட்டு "பாருங்க, எப்படி இருக்குன்னு" என்று சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. "ரோட்டைப் பாக்க விடுடி" என்று அவர் தட்டிவிட்டிருந்தார்.

ரேடியேட்டரைக் கழற்றி, பற்றவைக்கும் கடைக்குத் தூக்கிப்போனார்கள். கடைக்காரர் கண்ணாடி போட்ட வயசாளி, வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சி. ரேடியேட்டரின் மேல் பெட்டியை ஒட்டியிருந்த ஈயத்தை உருக்கி, பெட்டியைக் கழற்றினார். உள்ளே வெள்ளை வெளேரென்று கல் படிந்திருந்தது. பாதிக் குழாய்களுக்கு வாயே இல்லை.

"குழாய்த் தண்ணிதானே ஊத்துனீங்க?"

"ஆமாங்க. வீட்டுத் தண்ணி."

"உங்க வீட்டு வெந்நீர்க் கெட்டிலைப் பாத்ததில்லயா? இதே கல்லுதான்." பார்த்திருக்கிறார். அவள் மாசம் ஒருதரம் கெட்டிலைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டுவாள். "இந்தத் தண்ணி கல்லாப் போகுது, வண்டிக்கும் இதையா ஊத்துறீங்க?" என்று ஒருநாள் கேட்கக்கூடக் கேட்டாள். இரும்புக்கு என்ன வரும் என்று சொல்லிவிட்டார்.

கடைக்காரர் மெல்லிய தகட்டுக் கம்பியை ஒவ்வொரு குழாயாக விட்டு இழுத்தார். சரசரவென்று வெள்ளைப் பொடி உதிர்ந்தது. "இது இன்னைக்கு நேத்து படிஞ்சது இல்ல. ரெண்டு வருஷமாவது இருக்கும். கூடவே வெச்சு ஓட்டிக்கிட்டு, இத்தனை நாளா எப்படிங்க தெரியாம போச்சு?"

கேள்வி தராசுக்காரரிடம்தான். அவர் உதிர்ந்த பொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்களுக்குத் தெரியலங்க" என்றான் 'காது'. "எங்க ரெண்டு பேருக்குமே தெரியல."

சாயங்காலம் ரேடியேட்டரை மாட்டி, தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றி, மேட்டு ரோட்டின் உச்சிவரை போய் வந்தார்கள். ஹீட்டர் போடவில்லை. முள் நடுவில் போய் நின்றது, அசையவே இல்லை. பட்டறைக்குத் திரும்பியதும் 'காது' வண்டியைத் துடைத்தான், அவள் சீட்டைத் தனியாகத் துடைத்தான், சீட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வைத்தான். "நானும் வரேனே மாமா" என்றான். அப்புறம் அவனே, "வேணாம். நீங்க போயிட்டு வாங்க. அக்காவுக்கு உங்க கூட வரத்தான் ஆசை" என்றான்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினார். மகள் அவளைத் தள்ளுநாற்காலியில் கொண்டு வருவதற்குள், என்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பி வைத்தார். தூக்கி சீட்டில் உட்கார வைத்தபோது ஒன்றுமே கனக்கவில்லை. தொழில் செய்த கை அது, எத்தனை இருக்கும் என்று தானாகக் கணக்குப் போடப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கணக்கை நிறுத்தினார். கம்பளியைப் போர்த்திவிட்டார்.

"அட, சூடா இருக்கே" என்றாள். "நீங்களே போட்டீங்களா?"

"பின்ன யாரு போடுவா?"

மகள் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஊர் தாண்டும்வரை முன்சீட்டில் அவள் கண்ணாடி வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "அந்தக் கடைத் தராசு இன்னும் ஒரு பக்கமா சாயுதா?" என்று ஒரு கடையைக் காட்டிக் கேட்டாள். "மாத்திட்டான்" என்றார்.

மேடு ஏறும்போதுதான் அவருக்குக் கேட்கத் துணிச்சல் வந்தது. அந்த நேரத்தில் ரோட்டைப் பார்த்துத்தான் ஆகவேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"ரெண்டு வருஷமாவா குளுந்துச்சு உனக்கு?"

"இருக்கும்."

"ஏன்டி சொல்லல?"

அவள் கோபமாக இல்லை, நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னாள். "சொன்னேனேங்க. தினமும் உங்க கண்ணு முன்னாடியே ஹீட்டரைப் போட்டேனே."

அவருக்கு ரோடு கலங்கித் தெரிந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டார். பின்சீட்டில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து, கியர்மேல் இருந்த அவர் கையின்மேல் வைத்தாள். அவர் தட்டிவிடவில்லை. அந்தக் கியரிலேயே மேடு முழுக்க ஏறினார், என்ஜின் முனகியது, முள் மட்டும் நடுவிலேயே நின்றது.

"உங்களுக்கு ஊத்துது பாருங்க. அணைச்சுடுங்க, எனக்குப் போதும்."

"இருக்கட்டும். எனக்குக் குளுருது."

"உங்களுக்கா?"

"ஆமா."

அவள் அவர் நெற்றியில் வழிந்த வேர்வையைப் பார்த்தாள். சிரித்தாள். கம்பளியின் ஓரத்தால் அதைத் துடைத்துவிட்டாள். "பொய் சொல்லக்கூடத் தெரியல உங்களுக்கு" என்றாள்.

பாலம் வந்தது. பிறகு ஊர் வந்தது. வீட்டுக்குத் திரும்பும் முனை கண்ணுக்குத் தெரிந்தது. 'காது' வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருப்பான், கட்டிலை நகர்த்திப் போட்டிருப்பான். அந்தக் கட்டிலில் படுத்தால் அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்று வண்டியில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"ஏங்க, வண்டி நல்லா ஓடுதுல்ல?"

"எவ்ளோ தூரம் வேணும்னாலும் ஓடும் இப்ப."

"அப்ப நேரா போங்களேன். கொஞ்ச தூரம்."

முனை வந்தது. பின்னாலிருந்து மகள், "அப்பா, திரும்பணும்" என்றாள்.

அவர் திரும்பவில்லை.